கிடாயை ஒளித்த மதினிக்கு

என் பவுனு மதினிக்கு,

ஆட்டுவாடை போகாத உன் கையை ஒருதரம் பிடித்துக்கொண்டு, உன் நாத்தனார் முருகேசு எழுதுகிறேன். நீ போய் மூன்று மாதம் தாண்டிவிட்டது. இத்தனை நாளும் மனசுக்குள்தான் உன்னோடு பேசிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதியே ஆகவேண்டும் என்று வந்துவிட்டது. நாலு பேர் கண்ணில் பட்டாலும் படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. நீ விட்டுப்போன பதினாலு ஆட்டு உருப்படியும் உயிரோடு இருக்கின்றன. கொம்பு முறிந்தவள் தை மாதம் ரெண்டு குட்டி போட்டாள், ரெண்டும் பொட்டை. கருப்பி மட்டும் உன் சேலையைக் கட்டிக்கொண்டு போனால்தான் பால் பீச்ச நிற்கிறாள். என் சேலையைக் கண்டால் எட்டி உதைக்கிறாள். செத்தும் உன் அதிகாரம் குறையவில்லை பார். செவலைக் கிடாயும் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அண்ணன்தான் சரியில்லை. போன வாரம் வரைக்கும் காலையில் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போவான், வருவான். வாயைத் திறந்தால் ஒரே பேச்சு. "அந்த போடி டாக்டரு எம் பொண்டாட்டியக் கொன்னுட்டான்." ஜீப் ஸ்டாண்டில் சொன்னான், டீக்கடையில் சொன்னான். ரெண்டு தடவை அந்த ஆஸ்பத்திரி வாசலிலேயே போய் நின்று கத்தியிருக்கிறான். போன மாதம் கலெக்டருக்கு மனுக் கொடுக்கப்போகிறேன் என்று கிளம்பினான். கையெழுத்து நன்றாயிருக்கும் என்று என்னையே எழுதச் சொன்னான். எழுதினேன் மதினி. ‘மேற்படி டாக்டர் நோயாளியைச் சரிவர விசாரிக்காமல்’ என்று இந்தக் கையாலேயே எழுதினேன்.

அந்த டாக்டர் விசாரித்தார். நம் வீட்டில் அது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இதை அண்ணனிடம் சொல்வதா, சோற்றோடு சேர்த்து முழுங்கிவிடுவதா என்று தினமும் செத்துப் பிழைத்தேன்.

எல்லாம் அந்தக் கிடாயிலிருந்துதான் ஆரம்பித்தது. உனக்குத் தெரியாததா? ஆனாலும் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

கல்யாணமான மூணாம் வருசம் புருசனைப் பறிகொடுத்துவிட்டு நான் சிலமலைக்குத் திரும்பி வந்தபோது, நீ எனக்கு வெந்நீர்கூடப் போட்டுக் கொடுக்கவில்லை. நான் போடிக்கு பஸ் ஏறி ஏலக்காய் பொறுக்குகிற வேலைக்குப் போவேன். நீ ஆட்டை ஓட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போவாய். ஒரே வீட்டில் இருந்துகொண்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டே ஏழெட்டு வருசம் ஓட்டினோம். அதற்குப் பிறகு என் கர்ப்பப்பையில் கட்டி வந்தது. தேனியில் ஆபரேசன். நான் பிழைத்து எழுந்தால் மலையடிக் கருப்பசாமிக்குச் செவலைக் கிடா என்று நீ நேர்ந்துகொண்டதை வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னாய்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கக் கூடாதா மதினி?" என்றேன்.

"ஒன்னக் கேட்டா நேர்றது? நீதான் மயக்கத்துல கெடந்தயே. பேசாமக் கஞ்சியக் குடி" என்றாய்.

அந்தக் கஞ்சியோடு நம் சண்டை முடிந்தது. செவலை அப்போது பால்குட்டி. அது வளர்ந்து கொம்பு திரண்டு மணி கட்டித் திரியும் அழகைப் பார்த்து ஊரே கண் வைத்தது. என் உயிருக்கு ஈடாக நிற்கிற கிடா என்பதால் எனக்கு மட்டும் அதன் கண்ணைப் பார்க்கக் கூச்சமாக இருக்கும்.

விடிந்ததும் ஒவ்வோர் ஆடாகப் பிடித்துக் கீழ் இமையை இறக்கிப் பார்ப்பாயே, வெளுத்திருந்தால் வயிற்றில் புழு என்று சொல்வாயே. உதட்டைப் புரட்டுவாய், மடியைத் தடவுவாய், வாலைத் தூக்குவாய். சீக்கு வந்த ஆட்டை யாராவது மறைத்து மந்தையோடு விட்டால் சண்டைக்கே போவாய். "வாயில்லாச் சீவன் தானாச் சொல்லுமா? பாத்தவதான் சொல்லணும்" என்பாய். அந்தச் சொல் இப்போது என்னைத் தூங்க விடமாட்டேன் என்கிறது.

அப்படிப்பட்டவள்தான் புரட்டாசியில் கிடாயை ஒளித்து வைத்தாய். மாட்டாஸ்பத்திரிக்காரர்கள் ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட ஊருக்கு வந்தார்கள். ஊசி போட்ட ஆட்டுக்கெல்லாம் காதில் ஓட்டை போட்டு மஞ்சள் வில்லை மாட்டினார்கள். மற்ற ஆடுகளை எல்லாம் வரிசையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, செவலையை மட்டும் வீட்டுக்குப் பின்னால் சோளத்தட்டைப் படப்புக்குள் கட்டிப்போட்டாய்.

"சாமிக்கு விட்டதுக்குக் காத ஓட்ட போட்டா ஊனமாயிரும்டி. ஊனப்பட்டதக் கருப்பன் ஏத்துக்கிற மாட்டான். நேந்தது ஒனக்கு. நாளப் பின்ன ஒனக்கு ஒண்ணுன்னா?"

எனக்கு ஒன்று என்றால் என்று நீ பயந்தாய். நான் சிரித்துக்கொண்டே படலைச் சாத்தினேன். "இதுதான் மொத்தமாம்மா? வேற உருப்படி இருக்கா?" என்று ஊசிக்காரர் கேட்டார். "இதுதாங்க மொத்தம்" என்று சொன்னாய். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மூணு வாரம் கழித்து வெளியூர் மந்தை ஒன்று நம் கண்மாயில் தண்ணி குடித்துவிட்டுப் போனது. முதலில் மூக்கு ஒழுகியது செவலைக்கு. வாயெல்லாம் புண், நிற்காத கழிச்சல். அடுத்து பால்குட்டிகள். ஊசி போட வயசு வராத குட்டிகள் அவை. ஊசி போட்ட ஆடுகள் அத்தனையும் தப்பித்தன. மாட்டு டாக்டர் வந்து, "இந்தக் கிடாயோட காதுல வில்லை எங்கம்மா?" என்று கேட்டபோது நீ தரையையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

மற்றவர்கள் ஆட்டுக்கு ஒட்டிவிடக் கூடாது என்று செவலையையும் சீக்கு விழுந்த குட்டிகளையும் மலையடிவாரத்தில் பாழாய்க் கிடந்த மானாவாரிக் காட்டுக்குக் கொண்டுபோய் விட்டாய். அந்தப் புதருக்கு நடுவில் ஒரு சாக்கை விரித்து எட்டு நாள் கிடந்தாய். நான் வேலை முடிந்து கஞ்சியும் மருந்தும் கொண்டுவருவேன். ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு குழி இருக்கும். குழிமேல் சுண்ணாம்பைத் தூவிக்கொண்டே, "இன்னிக்கு வெள்ளச்சி மகன்" என்பாய், "இன்னிக்கு கருப்பி மக" என்பாய். ஒன்பது குட்டி மதினி. வீட்டில் தாய் ஆடுகள் மடி கட்டிக்கொண்டு கதறும். குடிக்கக் குட்டி இல்லாமல் அந்தப் பாலை நான் மண்ணில் பீச்சி விடுவேன். பீச்சிக்கொண்டே அழுவேன். பிள்ளை பெறாதவள் எனக்கு அது தாங்கவில்லை.

செவலை மட்டும் பிழைத்தது. மேலுதட்டில் ஒரு பாதி அரித்துப்போய்ப் பல் தெரிந்தது. நீ அதன் முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு சிரித்தாயா அழுதாயா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"காதுல ஓட்ட வேணாம்னு மறச்சேன். மூஞ்சியவே தின்னுருச்சு. இனி இது சாமிக்கும் ஆகாது, சந்தைக்கும் ஆகாது."

வீடு வந்து ஒரு வாரத்தில் உனக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு அடித்துப் போட்டதுபோல் வலிக்கிறது, முதுகுக்கு வெந்நீர் ஊற்று என்றாய். ஊற்றும்போதுதான் பார்த்தேன். பாவாடை நாடா கட்டுகிற இடத்துக்குக் கீழே, ஒரு பருப்பளவு புண். சுற்றிலும் சிவந்து நடுவில் கருப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தது.

"என்ன மதினி இது?"

"காட்டுல முள்ளுக் கிழிச்சது. நாடா ஒரசி ஒரசி ஆற மாட்டேங்குது. ஒண்ணுமில்ல, தண்ணிய ஊத்து."

மஞ்சளை அரைத்துப் பூசிவிட்டேன். ஒரு சாக்கு ஏலக்காயில் பூச்சி அரித்த ஒரே ஒரு காயைக் கண்டு எடுக்கிற கண் என்று கடையில் என்னைச் சொல்வார்கள். அந்தக் கண்ணால்தான் பார்த்தேன், பார்த்துவிட்டு மஞ்சள் பூசினேன்.

மூணாம் நாள் அண்ணன் உன்னை வலுக்கட்டாயமாக ஜீப்பில் ஏற்றினான். போடியில் நம்மை இறக்கிவிட்டு வண்டி நிறுத்த இடம் தேடிப் போனான். அந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். நாக்கைப் பார்த்தார், நெஞ்சில் வைத்துப் பார்த்தார், வீட்டில் ஆடு மாடு இருக்கிறதா என்று கேட்டார், காட்டுப் பக்கம் போனாயா என்று கேட்டார். ஆமாம் என்றாய். பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"ஒடம்புல எங்கயாச்சும் கருப்பாப் பொருக்குத் தட்டுன புண்ணு இருக்காம்மா? சிகரெட்டால சுட்ட மாதிரி இருக்கும். உண்ணிக் காய்ச்சல்னா அப்பிடி இருக்கும். கூச்சமா இருந்தா உள்ள நர்ஸம்மாகிட்டக் காட்டுங்க."

நீ என்னைப் பார்த்தாய். தலையை லேசாக ஆட்டினாய், வேண்டாம் என்று. மேசைக்கு அடியில் என் கையை நறுக்கென்று கிள்ளினாய்.

"இல்லங்க சார். அப்பிடி ஒண்ணும் கெடயாது" என்று நான் சொன்னேன்.

அவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, ரெண்டு நாளில் காய்ச்சல் இறங்காவிட்டால் கட்டாயம் வரவேண்டும், ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். வெளியே வந்ததும் நீ என் தோளில் இடித்தாய். "இடுப்பக் காமிக்கவாடி என்னயக் கூட்டியாந்த?" என்றாய். ரெண்டு பேரும் சிரித்தோம். காய்ச்சலில் கொதித்துக்கொண்டே நீ சிரித்தாய். அதுதான் நாம் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு.

ரெண்டு நாளில் காய்ச்சல் இறங்கவில்லை. போவோம் மதினி என்றதற்கு, "ஆட்ட யாரு பாக்குறது? கருப்பிக்கு மடி வீங்கிக் கெடக்கு. வெள்ளிக்கெழம போவம்" என்றாய். வெள்ளிக்கிழமை உனக்கு மூச்சு வாங்கியது. தேனிக்குக் கொண்டுபோனோம். உடுப்பை மாற்றிய நர்ஸ் அந்தப் பொருக்கைப் பார்த்துவிட்டாள். வெளியே வந்து அண்ணனையும் என்னையும் பார்த்து, "இத ஏன் மொதல்லயே யாரும் சொல்லல? அஞ்சு நாளுக்கு முன்னால தெரிஞ்சிருந்தா மாத்திரையிலயே போயிருக்கும். வீட்ல யாருக்கும் தெரியாதா?" என்றாள்.

அண்ணன் என் பக்கம் திரும்பினான்.

"தெரியாது சிஸ்டர்" என்றேன்.

கதவு திறந்துதான் இருந்தது. அப்போது உனக்கு நினைவு இருந்ததா மதினி? நான் சொன்னது உன் காதில் விழுந்ததா? மறுநாள் சாயங்காலம் நீ போய்விட்டாய். கேட்க ஆள் இல்லை.

அதற்குப் பிறகு நான் வாயே திறக்கவில்லை. உன் கருமாதியில் ஒப்பாரி வைத்தவர்கள் எல்லாம், போடி டாக்டர் கவனிக்கவில்லையாமே என்று மூக்கைச் சிந்தினார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். பிறகுதான் அந்த மனு. அண்ணன் அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் தேனிக்குப் போகிறேன் என்பான், ஜீப்புக்கு லோடு வந்துவிடும். அந்த லோடுகளுக்காக நான் சாமி கும்பிட்டேன்.

பத்து நாளைக்கு முன்னால் எதிர்வீட்டு ஒச்சம்மாளுக்குக் காய்ச்சல். அவளும் ஆடு வைத்திருக்கிறவள், தினமும் மலையடிவாரத்தில் ஆட்டுக்குத் தழையும் குழையும் ஒடிக்கிறவள். நாலு நாளாகச் சுருண்டு கிடந்தாள். உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

"ரவிக்கையக் கழட்டுக்கா."

"எதுக்குடி? போடி அங்கிட்டு, கூச்சநாச்சம் இல்லாம."

"கூச்சப்பட்டவள எரிச்சுட்டு வந்து மூணு மாசமாச்சுக்கா. கழட்டு."

அக்குளில் இருந்தது. அதே கருப்புப் பொருக்கு. கைத்தாங்கலாக அவளை பஸ்சில் ஏற்றி, அந்த டாக்டரிடமே கொண்டுபோனேன். அவர் அதே கேள்வியைக் கேட்டார். "இருக்கு சார், அக்குள்ல" என்றேன். அப்போதுதான் என் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"நீங்க... அந்த ஜீப் டிரைவரோட தங்கச்சிதான?"

"ஆமா சார்."

அவர் கண் வாசலுக்குப் போனது. அண்ணன் பின்னால் வருகிறானோ என்று பார்த்தார். படித்த மனுசன், நாலு உயிரைக் காப்பாற்றுகிறவர், என்னால் வாசலைப் பார்த்துப் பயப்படுகிறார். எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"அன்னைக்கும் இருந்துச்சு சார். இடுப்புல. நாந்தான் இல்லன்னேன்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஒச்சம்மாளுக்கு மாத்திரை எழுதினார், எப்படிச் சாப்பிட வேண்டும் என்று ரெண்டு தடவை சொன்னார். கடைசியில், "வீட்ல சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஒச்சம்மாள் மூணாம் நாள் எழுந்து குழை ஒடிக்கப் போய்விட்டாள். ஒரு அட்டை மாத்திரை, மதினி. அவ்வளவுதான். நம் வாசலைத் தாண்டி அவள் தொரட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. அவள் பிழைத்ததில் சந்தோசம்தான். ஆனாலும் பொறாமையாகவும் இருந்தது, உன்னிடம் மறைப்பானேன்.

அன்று காலை அண்ணன் பட்டியில் ஆடுகளுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தான். போய் நின்று முழுவதையும் சொன்னேன். டாக்டர் கேட்டது, நீ கிள்ளியது, நான் சொன்னது, தேனியில் மறுபடியும் சொன்னது. அவன் குழையை விடவில்லை.

"எந்த எடத்துல இருந்துச்சு?" என்றான்.

என் இடுப்பில் கை வைத்துக் காட்டினேன். அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து மனுவை எடுத்து என் கையில் கொடுத்தான்.

"நீ எழுதத் தெரிஞ்சவதான. அவளுக்கு எழுது. நடந்தத நடந்தபடி எழுது. எங்கிட்டச் சொல்லி என்னாகப் போகுது?"

ஜீப்பை எடுத்துக்கொண்டு மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் போனவன்தான், ஆறு நாளாக வீட்டுக்கு வரவில்லை. தோட்டத்திலேயே படுத்துக்கொள்கிறான் என்று ஆள் ஏறிப் போனவர்கள் சொன்னார்கள். அவனுக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறேன். மிஞ்சுகிற சோற்றுத் தண்ணியை ஆடுகள் குடிக்கின்றன. அவன் என்னை மன்னிப்பானா என்று தெரியவில்லை. மன்னிக்கவேண்டும் என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

அவன் எழுதச் சொன்னதைத்தான் இந்த மனுத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முன்பக்கத்தில் இருப்பதும் என் கையெழுத்துதான்.

நேற்று ஊசிக்காரர்கள் மறுபடி வந்தார்கள். செவலையைத்தான் முதலில் பிடித்துக்கொண்டு போனேன். காதில் ஓட்டை போட்டபோது ஒருதரம் கத்தியது, அவ்வளவுதான். இப்போது பிய்ந்த உதடும் மஞ்சள் வில்லையுமாகப் படலுக்குப் பக்கத்தில் நின்று அசைபோடுகிறது. கருப்பசாமி கோயிலுக்குப் போய், ‘சாமி, உனக்குக் கொடுப்பதாகச் சொன்னதை ஊனமாக்கிவிட்டோம், கோபம் இருந்தால் என்மேல் காட்டு’ என்று சொல்லிவிட்டு வந்தேன். "இதுதான் மொத்தமாம்மா?" என்று அதே ஊசிக்காரர் கேட்டார். "பதினாலுதாங்க மொத்தம். இன்னும் ரெண்டு குட்டி இருக்கு, வயசு வரல" என்று ரெண்டையும் தூக்கிக் காட்டினேன்.

ஆடுகளை விற்க மாட்டேன் மதினி. விடிந்ததும் உன்னை மாதிரியே இமையை இறக்கிப் பார்ப்பேன், உதட்டைப் புரட்டிப் பார்ப்பேன். இந்தத் தெருவில் ஆடு வைத்திருக்கிற எந்தப் பொம்பளைக்குக் காய்ச்சல் என்றாலும் கதவைச் சாத்தி அவள் உடம்பைப் பார்ப்பேன். ஏசினால் ஏசட்டும். பவுனுத்தாய் எப்படிச் செத்தாள் என்று யார் கேட்டாலும், டாக்டர் கேட்டார், நான் இல்லை என்றேன் என்று சொல்வேன். ஜீப் ஸ்டாண்டிலும் போய்ச் சொல்வேன், அண்ணன் பக்கத்தில் நின்றாலும் சொல்வேன்.

நீதான் வேண்டாம் என்றாய் என்று ஒருநாளும் உன்மேல் போட மாட்டேன். நீ தலையைத்தான் ஆட்டினாய். வாய் என்னுடையது.

நீ கிடா நேர்ந்து பிழைக்க வைத்த
உன் நாத்தனார்,
முருகேஸ்வரி
சிலமலை